கால்சியம் மாத்திரை கூடிக்கொண்டே போகிறது, ரத்தத்தில் கால்சியம் ஏறவில்லையா? பாராதைராய்டு குறைபாட்டோடு சீலியாக்கும் சேர்ந்தவர்களுக்கான முழு வழிகாட்டி

என் தங்கைக்குப் பாராதைராய்டு சுரப்பி (கழுத்தில் இருந்து ரத்தக் கால்சியத்தைக் காக்கும் ஹார்மோனைச் சுரப்பது) வேலை செய்வதில்லை. 19 வயதில் வலிப்பு வந்தபோதுதான் அது தெரிந்தது. நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரையில் ஆரம்பித்த சிகிச்சை மூன்று வருடத்தில் எட்டு மாத்திரையாகிவிட்டது, கால்சிட்ரியாலும் (உடனே வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும் வைட்டமின் டி) அதோடு ஏறியது. ரத்தக் கால்சியம் மட்டும் 7-ஐச் சுற்றியே நின்றது (நார்மல் ஏறக்குறைய 8.5 முதல் 10.5). கடைசியில் பார்த்தால் கோளாறு குடலில். சீலியாக் நோய்: கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்வது.

அதன் பிறகு இதே சிக்கலோடு வந்த சில குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் தடுமாறுவது இரண்டே இடத்தில். ஒன்று, டெஸ்ட் எடுக்கும் முன்பே கோதுமையை நிறுத்திவிடுவது. இன்னொன்று, கோதுமையை நிறுத்திய பிறகும் பழைய டோஸ் மாத்திரையை அப்படியே தொடர்வது. இரண்டாவதுதான் ஆபத்து அதிகம்.

டோஸ் எவ்வளவு என்பது உங்கள் மருத்துவரின் முடிவு. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, ஏன் என்பதுதான் இங்கே இருக்கிறது.

1. முதலில் ஒரு நோட்டு

பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதி வரிசைப்படி ஒரே நோட்டில் எழுதுங்கள். கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), பாஸ்பரஸ், மக்னீசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதன் டோஸ் சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்று ஓடிக்கொண்டிருந்த டோஸ். டோஸ் இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

இங்கே இரண்டு கணக்குகளில் தவறு நடக்கும். முதலாவது மாத்திரைக் கணக்கு. 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உண்மையில் இருக்கும் கால்சியம் 500 மி.கி.தான், அதாவது 40 சதவீதம். கால்சியம் சிட்ரேட்டில் அது ஏறக்குறைய 21 சதவீதம். அட்டையின் முன்பக்க எண்ணைப் பார்த்து எழுதாமல், பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்து எழுதுங்கள்.

இரண்டாவது அல்புமின். குடல் கெட்டவர்களுக்கு அல்புமின் இறங்கலாம்; அப்போது மொத்தக் கால்சியமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு 1 கிராமுக்கும் கால்சியம் அளவோடு 0.8 கூட்டிப் பார்ப்பது வழக்கம். அயனி கால்சியம் (அல்புமினோடு ஒட்டாமல் இருக்கும் கால்சியத்தை மட்டும் அளப்பது) எடுக்க வசதி இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

ரத்தம் கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும்: காலை மாத்திரைக்கு முன். ஒரு நாள் மாத்திரைக்கு முன்னும் இன்னொரு நாள் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் கொடுத்துவிட்டு, ஏறியது இறங்கியது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

2. மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா?

குடலைச் சந்தேகிக்கும் முன் சாதாரணக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேவையில்லாமல் எண்டோஸ்கோப்பி வரை போக நேரும்.

கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். பாராதைராய்டு ஹார்மோன் இல்லாதவர்களுக்கு பாஸ்பரஸ் ஏறுவது வழக்கமான தொல்லை என்பதால் இது முக்கியம். ஒரு வேளைக்கு உண்மைக் கால்சியம் 500 மி.கி. அளவுக்கு மேல் போட்டால் உறிஞ்சப்படும் விகிதம் குறையும்; பிரித்துப் போடுவது நல்லது.

பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கார்பனேட் சரியாகக் கரையாது. சிட்ரேட்டுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அந்த மாத்திரையே தேவைதானா என்றும் கேளுங்கள், ஏனென்றால் அது மக்னீசியத்தையும் குறைக்கும்.

தைராக்சின் (தைராய்டு மாத்திரை) சாப்பிடுபவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதுவும் கால்சியத்தோடு சேரக் கூடாது. நாங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நேரப் பட்டியலே ஒட்டியிருந்தோம்.

வலிப்புக்காக ஃபெனிட்டாயின் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கால்சியம் குறைந்ததால் வந்த வலிப்பை எபிலெப்ஸி என்று நினைத்து அந்த மாத்திரையைத் தொடங்கியிருப்பார்கள். அது வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைத்து, கால்சியத்தை இன்னும் இறக்கும். ஆனால் நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும்.

3. மக்னீசியத்தை முதலில் சரிசெய்யுங்கள்

இது ஏன் சீலியாக் டெஸ்டுக்கு முன்னால் வருகிறது? மக்னீசியம் நன்றாகக் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி ஹார்மோனைச் சுரப்பதும் குறையும், சுரந்த ஹார்மோனுக்கு உடம்பு கீழ்ப்படிவதும் குறையும். சீலியாக்கில் வயிற்றுப்போக்கு தொடர்ந்து இருந்தால் மக்னீசியம் அதோடு போய்விடும். ஆக, நல்ல சுரப்பி உள்ளவருக்கும் பாராதைராய்டு குறைபாடு மாதிரியே ரிப்போர்ட் வரலாம்.

மக்னீசியம் ஏறியதும் ஹார்மோனும் ஏறினால் உங்களுக்கு இருப்பது நிரந்தரக் குறைபாடு அல்ல. ஆயுள் முழுக்கக் கால்சிட்ரியால் என்று எழுதப்பட்ட சீட்டு அங்கேயே மாறிவிடும். கழுத்தில் ஆபரேஷன் ஆகாமல் இந்த நோய் என்று சொல்லப்பட்டவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மக்னீசியம் மாத்திரையே வயிற்றுப்போக்கைக் கூட்டக்கூடியது, அதனால் மிகவும் குறைந்தவர்களுக்கு ஊசி வழியாகத்தான் கொடுப்பார்கள்.

4. சீலியாக்கைச் சந்தேகிக்க வைக்கும் தடயங்கள்

சாதாரணமாகச் சீலியாக் உள்ளவருக்குக் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, சிறுநீரில் போவதைத் தடுத்து, எப்படியோ சமாளிக்கும். கால்சியம் குறைந்து ஹார்மோன் ஏறியிருந்தால் குடலையும் வைட்டமின் டி-யையும் பார்ப்பார்கள். கால்சியம் குறைந்தும் ஹார்மோன் ஏறாமல் கிடந்தால் பாராதைராய்டையும் மக்னீசியத்தையும் பார்ப்பார்கள். இரண்டு நோயும் சேர்ந்தவருக்கு அந்த ஏற்றம் இருக்காது, சமாளிப்பும் இருக்காது. வாய் வழியாகப் போவது ஒன்றுதான் வழி, அந்த வழியிலேயே அடைப்பு.

கால்சிட்ரியால் சொல்லி நடக்கும் கால்சியம் உறிஞ்சல் சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தில்தான் வலுவாக நடக்கிறது. சீலியாக் முதலில் தேய்ப்பதும் அங்கே உள்ள குடலுறிஞ்சிகளை (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் மடிப்புகள்)த்தான். உத்தரவு போகிறது, வேலை செய்ய ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான தடயம் 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம். பாராதைராய்டு ஹார்மோன் இல்லாதவருக்குச் சிறுநீரகம் கால்சியத்தைப் பிடித்து வைக்காது. அதனால் நிறைய மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறுநீரில் நிறையத்தான் வர வேண்டும். மாத்திரை எட்டு, ரத்தத்தில் குறைவு, சிறுநீரிலும் குறைவு என்றால் அது குடலைத் தாண்டவே இல்லை என்று பொருள். (அல்லது மாத்திரையைச் சாப்பிடவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான், கோபப்படாதீர்கள்.)

சேகரிக்கும் முறையில் பலர் தப்பு செய்கிறார்கள். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் சேர்க்கக் கூடாது, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு போவது எல்லாம், மறுநாள் காலை அதே நேரத்தில் போகும் முதல் சிறுநீர் வரை, கேனுக்குள். ஒரு தடவை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

மற்ற தடயங்கள்: இரும்பு மாத்திரைக்கும் ஏறாத ஹீமோகுளோபின், காரணம் தெரியாத எடைக் குறைவு, வாய்ப்புண், தைராக்சின் டோஸ் எடைக்குப் பொருந்தாமல் ஏறிக்கொண்டே போவது. வயிற்றுப்போக்கு இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. என் தங்கைக்கு மலச்சிக்கல்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் இதை யாரும் முதலில் நினைப்பதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்த சீலியாக், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கே இருந்தது. சோறு சாப்பிடும் ஊர். ஆனால் அது பொதுமக்கள் கணக்கு. தன்னுடலையே தாக்கும் நோய் ஒன்று ஏற்கெனவே இருக்கும் வீட்டில் அந்தக் கணக்கை வைத்து ஆறுதல் அடைய முடியாது. இரவுச் சப்பாத்தியும் காலை ரவை உப்புமாவும் இப்போது எல்லா வீட்டிலும் உண்டு.

5. கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை

திசு டிரான்ஸ்குளுட்டாமினேஸ் ஐஜிஏ எதிர்ப்பொருள் (சீலியாக் இருந்தால் ரத்தத்தில் ஏறுவது), கூடவே மொத்த ஐஜிஏ (ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை). இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள். சிலருக்கு உடம்பில் ஐஜிஏ-வே இருக்காது. சீலியாக் நோயாளிகளிடம் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். அவர்களுக்கு முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்று வரும், நோய் இருக்கும். அவர்களுக்கு ஐஜிஜி வகை டெஸ்ட் வேண்டும்.

டெஸ்ட் அன்று வரை வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். க்ளூட்டன் உள்ளே போகாவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கும், குடல் ஆறத் தொடங்கும், ரிப்போர்ட் பொய் சொல்லும். "எதற்கும் ரெண்டு மாசம் கோதுமை இல்லாமல் பார்த்தோம், நல்லா இருந்தது, இப்போ டெஸ்ட் எடுக்கலாம்னு வந்தோம்" என்று ஒரு தாய் சொன்னார். அவர் மகளை மறுபடி ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட வைத்துத்தான் டெஸ்ட் எடுக்க முடிந்தது. ஏற்கெனவே கால்சியம் ஆட்டம் போடும் பிள்ளையை அப்படி வைத்திருப்பது லேசான விஷயம் இல்லை. அந்த ஆறு வாரமும் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

6. எண்டோஸ்கோப்பி நாள்

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பயாப்ஸி (எண்டோஸ்கோப்பி குழாய் வழியாகக் குடலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள். டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் நான்கு துண்டாவது, தொடக்கத்தில் ஒன்றிரண்டு. தேய்மானம் திட்டுத்திட்டாக இருக்கும், ஒரே துண்டை நம்ப முடியாது. குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் அளவு உச்ச வரம்பைப் போல 10 மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் எண்டோமைசியல் என்ற இன்னொரு எதிர்ப்பொருள் டெஸ்டும் பாசிட்டிவ் என்றால் பயாப்ஸி இல்லாமலே முடிவு செய்யும் வழி உண்டு.

பாராதைராய்டு குறைபாடும் உள்ள நம் ஆட்களுக்கு இதில் மூன்று விஷயம்.

வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும், மாத்திரை தள்ளிப்போகும். முதல் ஆளாகக் காலையில் நேரம் கேளுங்கள்.

முந்தைய நாள் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த கால்சியத்தில் இதயத் துடிப்பின் தாளம் மாறலாம், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கூடவே பெருங்குடலையும் பார்க்கிறோம் என்றால், வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்தில் பாஸ்பேட் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேண்டாம், வேறு கொடுங்கள் என்று சொல்லுங்கள். பாஸ்பேட் ஏறினால் கால்சியம் சடாரென்று இறங்கும். எனிமாவுக்கும் இதே கதை.

7. கோதுமையை நிறுத்தும் நாளுக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

கோதுமையை நிறுத்துவதும் ஒரு மருந்து மாற்றம்தான். குடல் மருத்துவர் "இன்றிலிருந்து க்ளூட்டன் வேண்டாம்" என்பார். சுரப்பி மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பார். இந்த இருவருக்கும் நடுவில்தான் நோயாளி விழுகிறார். அதனால் நிறுத்தப் போகும் தேதியைச் சுரப்பி மருத்துவரிடம் முன்பே சொல்லி, இவற்றை எழுதி வாங்குங்கள்:

எத்தனை நாளுக்கு ஒருமுறை கால்சியம் பார்ப்பது? டோஸ் நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மாற்றம் நடக்கும்போது வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். குடல் ஆறும் காலம் முழுவதும் மாற்றக் காலம்தான்.

எந்த எண்ணைத் தாண்டினால் டோஸைக் குறைப்பது, எதைக் குறைப்பது, யாருக்கு போன் செய்வது?

வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி3 ஓடுகிறதா? அதைத் தொடர்வதா? இந்தக் கேள்வியை விடாதீர்கள். கால்சிட்ரியாலின் வேகம் நிறுத்தினால் சில நாளில் அடங்கிவிடும். டி3 கொழுப்பில் சேர்ந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். குடல் உறிஞ்சாத காலத்தில் தாராளமாகக் கொடுத்த டோஸ், குடல் ஆறிய பிறகு முழுதாக உள்ளே போகும். அப்போது ஏறும் கால்சியத்தை உடனே இறக்க முடியாது.

8. சமையலறை

சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

கூட்டுப் பெருங்காயம். பெயரிலேயே இருக்கிறது கூட்டு. பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். சாம்பார், ரசம், ஊறுகாய், மிளகாய்ப்பொடி என்று மூன்று வேளையும் உள்ளே போகும். எங்கள் வீட்டில் ஐந்து மாதம் எதிர்ப்பொருள் இறங்காமல் நின்றது இதனால்தான். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்குங்கள்.

மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அதே கல்லில் உங்கள் கேழ்வரகு. வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது சிரமம்தான், வேறு வழியில்லை.

சத்துமாவுக் கஞ்சி, ஹார்லிக்ஸ் வகை மால்ட் பானங்கள். உடம்பு தேற வேண்டும் என்று சொந்தக்காரர்கள் வாங்கி வருவது இவற்றைத்தான். மால்ட் என்றால் பார்லி.

பூரி பொரித்த எண்ணெயில் வடை, ரவா தோசை ஊற்றிய கல்லில் சாதா தோசை, சோயா சாஸ், கோயில் கேசரி, தேவாலயத்து அப்பம். மாத்திரைகளிலும் சில சமயம் கோதுமை மாவுப்பசை இருக்கலாம், மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் க்ளூட்டன் இல்லை என்று போட்டிருந்தால் இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மி.கி. அளவைத் தாண்டக் கூடாது.

இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கம்பு, தினை, சோளம் எல்லாம் தாராளமாக. வடக்கில் இந்த நோயோடு இருப்பவர்களைப் பார்த்தால் நம் பாடு பரவாயில்லை.

9. முதல் ஆறு மாதம்: இறங்க வேண்டியது டோஸ்

முதல் சில வாரம் எதுவும் மாறாதது போலத் தெரியும். பிறகு ஒரு நாள் கால்சியம் 7.4-லிருந்து 8.3 ஆகும். வீடே கொண்டாடும். கொண்டாடுங்கள், ஆனால் அடுத்த டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் இலக்கு நடு அளவு அல்ல. நார்மல் எல்லையின் கீழ்ப்பகுதி, அல்லது அதற்குச் சற்றே கீழே, கை மரத்துப்போகாத அளவு. 9.5 என்று வந்தால் "சூப்பர், நார்மல்" என்று லேப் சொல்லும். நமக்கு அது சிறுநீரகத்தில் கல் சேரும் பாதை.

ரத்தத்தில் 8.5 இருக்கும்போதே சிறுநீரில் நாளுக்கு 400 மி.கி. போய்க்கொண்டிருக்கலாம், பிடித்து நிறுத்த ஹார்மோன் இல்லை. அதனால் ரத்தக் கால்சியம் இலக்கைத் தொட்டதும் 24 மணி நேரச் சிறுநீரை மறுபடி பாருங்கள். பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மி.கி. என்பது வழக்கமான மேல் எல்லை. முன்பு குறைவாக இருந்த அதே எண் இப்போது எல்லை தாண்டியிருந்தால், குடல் ஆறிவிட்டது, டோஸ் இன்னும் இறங்கவில்லை.

கால்சியத்தையும் பாஸ்பரஸையும் பெருக்கி 55-க்குள் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். அதைத் தாண்டினால் கல் போலப் படியும் ஆபத்து கூடும்.

குறைப்பது படிப்படியாக. ஒரே நாளில் எட்டை இரண்டாக்கினால் எதிர்த் திசையில் விழுவீர்கள். எங்களுக்கு எட்டு மாத்திரை மூன்றாக ஒன்பது மாதம் ஆனது. எல்லோருக்கும் இவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாராதைராய்டு குறைபாடு அப்படியேதான் இருக்கும், மாத்திரையே இல்லாத நாள் வராது.

இதே நேரத்தில் கவனிக்காமல் விடுவது இரண்டு. தைராக்சினும் இப்போது நன்றாக உறிஞ்சப்படும். படபடப்பு, தூக்கமின்மை வந்தால் டி.எஸ்.எச். பாருங்கள். அடுத்தது பால். குடல் புண்ணாக இருந்தபோது பால் ஒத்துக்கொள்ளாமல் விட்டிருப்பார்கள். ஆறியதும் பால், தயிர், கேழ்வரகுக் களி எல்லாம் திரும்ப வரும். சாப்பாட்டுக் கால்சியம், மாத்திரைக் கால்சியம், ஆறிய குடல், மூன்றும் ஒரே மாதத்தில் கூடும்.

சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கத் தயசைடு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் நினைவுபடுத்துங்கள். அதுவும் ரத்தக் கால்சியத்தை ஏற்றும்.

10. எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால்

நன்றாக இருந்த கால்சியம் திடீரென்று இறங்கினால் முதல் கேள்வி, போன வாரம் எங்கே சாப்பிட்டோம் என்பது. கல்யாணப் பந்தி, ரயில் சாப்பாடு. வயிற்றுப்போக்கு வந்த ஒவ்வொரு முறையும் கால்சியமும் மக்னீசியமும் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் டெஸ்டை ஆறாம் மாதமும் ஒரு வருடத்திலும் எடுப்பார்கள். இறங்காமல் நின்றால் பெருங்காய டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற இரண்டு வருடமும் ஆகலாம்.

ஆரம்பத்திலேயே எதிர்ப்பொருள் நெகட்டிவ், பயாப்ஸியும் சரி, ஆனால் எண்ணெய்ப் பசையோடு வயிற்றுப்போக்கு என்றால் அது சீலியாக் இல்லாமலும் இருக்கலாம். கால்சியம் குறைந்தாலே கொழுப்பு சரியாகச் செரிக்காமல் போவதுண்டு. கால்சியத்தை ஏற்றினால் அது நிற்கும். சிறு வயதிலிருந்தே வாயில் பூஞ்சைத் தொற்று, பாராதைராய்டு குறைபாடு, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு என்று வரிசையாக வரும் பரம்பரை நோய் ஒன்றும் உண்டு. அதிலும் குடல் பாதிக்கும், ஆனால் கோதுமையை நிறுத்திப் பயனில்லை. மிகுந்த சோர்வும் குறைந்த ரத்த அழுத்தமும் இருந்தால் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) பார்க்கச் சொல்லுங்கள்.

11. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கால்சியம் குறைந்தால்: உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல் இருப்பது எச்சரிக்கை. கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்வது, குரல்வளை இறுகி மூச்சு சத்தமாக வருவது, வலிப்பு ஆகியவை வந்தால் நேராக அவசரப் பிரிவு.

கால்சியம் ஏறினால்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு. பழைய நோயாளிகள் இதைக் "கால்சியம் கம்மி" என்று நினைத்துக் கூடுதலாக இரண்டு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். கோதுமையை நிறுத்திய முதல் வருடத்தில் விரல் மரத்துப்போகாமல் வரும் எந்தச் சோர்வுக்கும், மாத்திரை டப்பாவைத் திறக்கும் முன் ரத்தம் கொடுங்கள்.

பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: பாராதைராய்டு குறைபாடு, சீலியாக், இன்றைய டோஸ், கடைசிக் கால்சியம், மருத்துவர் எண். டோஸ் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். என் தங்கையின் பர்ஸில் எட்டு மாத்திரை என்று எழுதிய சீட்டு, அவள் மூன்றுக்கு வந்த பிறகும் நான்கு மாதம் இருந்தது.